உன்னதப்பாட்டு: சாமி பேரே வராத காதல் பாட்டு வேதத்துக்குள்ள எப்படி வந்து உக்காந்துச்சு?

புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிள்ல பிரசங்கி முடிஞ்சு ஏசாயா ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ஒரு சின்ன புக் இருக்கு, உன்னதப்பாட்டு. கத்தோலிக்க பைபிள்ல இனிமைமிகு பாடல்னு போட்டிருப்பாங்க. மொத்தமே 8 அதிகாரம், 117 வசனம், ஒரே மூச்சுல வாசிச்சு முடிச்சிடலாம். ஆனா சர்ச்சுல இதை எடுத்து பிரசங்கம் பண்றவங்க ரொம்ப கம்மி, கல்யாணப் பத்திரிகைல ஒரு வரி போடுவாங்க அதோட சரி, ஏன்னா ஆரம்பமே "அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக"ன்னு ஒரு பொண்ணு எந்த முன்னுரையும் இல்லாம கேக்கறதுல இருந்து தான்.

கடவுள் பேர் இல்ல, கோயில் இல்ல, பத்துக் கட்டளை இல்ல, எகிப்துல இருந்து தப்பிச்ச கதை இல்ல. கடைசி அதிகாரத்துல ஒரு வார்த்தையோட வால்ல மட்டும் "யா"ன்னு கடவுள் பேரோட சுருக்கம் ஒட்டியிருக்கு, அதுவும் நிஜமாவே கடவுளை சொல்லுதா இல்ல பெருந்தீன்னு அழுத்திச் சொல்றதுக்காக போட்டதான்னு அறிஞர்கள் நடுவுல இன்னும் முடியாத சண்டை. எஸ்தர் புக்லயும் எபிரேயத்துல கடவுள் பேர் வராது தான், ஆனா அதுல யூத ஜனம் தப்பிச்ச கதையாவது இருக்கு, இதுல ஒரு பொண்ணு ஒரு பையன், திராட்சத்தோட்டம், மான், புறா, வாசனை, ராத்திரி, அவ்வளவுதான்.

வழக்கமா இதுக்கு ஒரு விளக்கம் சொல்லுவாங்க. இது சும்மா நாட்டுப்புற காதல் பாட்டு, பின்னாடி வந்த ரபிகளும் (யூத வேத ஆசிரியர்கள்) பாதிரியார்களும் கூச்சப்பட்டு "இது கடவுளுக்கும் ஜனங்களுக்கும் நடுவுல உள்ள காதல்"னு முலாம் பூசி உள்ள சேத்துட்டாங்கன்னு. காதல் பாட்டுங்கறது சரி. ஆனா முலாம் பூசினாங்கங்கற பகுதி எனக்கு ஒத்துவரல, ஏன்னா எபிரேய வேதத்துல (யூதர்களோட வேதம், கிறிஸ்தவங்க பழைய ஏற்பாடுன்னு சொல்றது) கடவுள் காதல்னு அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாத்தா இந்தப் பாட்டு தான் அந்த பக்திக்கு இல்லாத ஒண்ணை கொடுத்திருக்குன்னு தெரியுது. அதுக்கு வர்றதுக்கு முன்னாடி பாட்டை கொஞ்சம் பாத்துடுவோம்.

முதல் வசனம் சாலொமோனோட பாட்டுன்னு சொல்லுது. சாலொமோன் இஸ்ரவேல் ராஜா, கிமு 10ம் நூற்றாண்டு. ஆனா பாட்டுக்குள்ள பாரசீகத்துல இருந்து வந்த சொல் கிடக்கு, 4ம் அதிகாரத்துல தோட்டத்துக்கு போட்டிருக்கற "பர்தேஸ்" அப்படித்தான், யூதர்கள் பாரசீக ஆட்சிக்கு கீழ வந்ததே கிமு 6ம் நூற்றாண்டு கடைசில. இன்னொரு பக்கம் 6ம் அதிகாரத்துல பொண்ணோட அழகை திர்சா நகரத்தோட ஒப்பிடுது, அது சமாரியா கட்டறதுக்கு முன்னாடி வடக்கு இஸ்ரவேல் ராஜ்யத்துக்கு தலைநகரா இருந்த ஊர், கிமு 9ம் நூற்றாண்டுலயே அந்தப் பெருமை போயிடுச்சு. அப்போ பழைய பாட்டும் புது பாட்டும் கலந்து வாய்மொழியா ஓடி, ரொம்ப பிந்தின காலத்துல தான் இப்போ நம்ம கைல உள்ள வடிவத்துக்கு வந்திருக்கும்னு நெனைக்கறவங்க நெறைய. சாக்கடல் பக்கம் கும்ரான் குகைகள்ல இதோட நாலு பிரதிகள் துண்டு துண்டா கெடச்சிருக்கு, அதனால இயேசு காலத்துக்கு முன்னாடியே இதை பத்திரமா எழுதி வச்சுப் படிச்சிருக்காங்கங்கறது உறுதி.

யார் எழுதினாங்கங்கறத விட யார் பேசறாங்கங்கறது தான் இதுல சுவாரஸ்யம். பாதிக்கு மேல பொண்ணு தான் பேசுறா. முதல் வார்த்தையும் அவளோடது, கடைசி வார்த்தையும் அவளோடது. எபிரேய வேதத்துல உள்ள கதைப் பகுதிகள்ல "இந்தப் பொண்ணு இந்த ஆணை காதலிச்சா"ன்னு நேரா சொல்ற இடம் ஒண்ணே ஒண்ணு தான், சவுலோட மக மீகாள் தாவீதை நேசிச்சாள்ங்கறது, அதையும் அவ அப்பன் தாவீதை மாட்டிவிட வலையா யூஸ் பண்ணுவான். யாக்கோபு ராகேலுக்காக 7 வருஷம் வேலை பாத்தான், அது அவனுக்கு கொஞ்ச நாளாட்டம் தெரிஞ்சுச்சுன்னு ஆதியாகமம் அழகா சொல்லும், ஆனா ராகேல் மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒரு வரி கூட கிடையாது. அப்படிப்பட்ட வேதத்துல இங்க ஒருத்தி "என் ஆத்தும நேசர்"னு வாய் நிறைய சொல்லிக்கிட்டு ராத்திரில ஊரைச் சுத்தி தேடுறா.

அவ யாருன்னும் அவளே சொல்றா. நான் கறுப்பு, ஆனா அழகு, என்னை மொறைச்சுப் பாக்காதீங்க, வெயில் சுட்டுடுச்சு, எங்க அம்மா பிள்ளைங்க என் மேல கோவப்பட்டு திராட்சத்தோட்டம் காக்க விட்டுட்டாங்க, என் தோட்டத்தை நான் காக்கலன்னு. "அண்ணன்மார்"னு சொல்லாம "அம்மா பிள்ளைங்க"ன்னு சொல்றத கவனிங்க. இந்தப் புக் முழுக்க அப்பாங்கற ஆள் வரவே மாட்டாரு, அம்மா தான் திரும்பத் திரும்ப வர்றா, காதலனை இழுத்துட்டு வர்றதும் "என் தாயோட வீட்டுக்கு" தான். அப்பன் பேர் சொல்லித்தான் ஒரு ஆளையே அடையாளம் காட்டற வேதத்துல இது சாதாரண விஷயம் இல்ல.

எல்லாமே தேனும் பாலும்னு நெனச்சுடக் கூடாது. 3ம் அதிகாரத்துல அவ ராத்திரி தேடிப் போறப்போ நகரக் காவலாளிகள் எதிர்ல வர்றாங்க, அவங்களைத் தாண்டினதும் அவன் கெடச்சுடறான். 5ம் அதிகாரத்துல திரும்ப அதே காட்சி, ஆனா இந்த தடவை கதையே வேற. அவன் கதவைத் தட்டறான், தலையெல்லாம் பனியில நனஞ்சிருச்சு கதவைத் திறன்னு கேக்கறான், இவ ட்ரெஸ்ஸை கழட்டிட்டேன் கால கழுவிட்டேன் திரும்ப எப்படி அழுக்காக்குவேன்னு சாக்கு சொல்றா, அப்புறம் மனசு கேக்காம எழுந்து போய் தாழ்ப்பாளை தொடறா, கையில இருந்து வெள்ளைப்போளம் (வாசனைப் பிசின்) சொட்டுது, கதவைத் திறந்தா ஆள் இல்ல. தேடிப் போறா, காவலாளிகள் பிடிச்சு அடிக்கறாங்க, காயப்படுத்தறாங்க, மேல போட்டிருந்த முக்காட்டை உருவிக்கறாங்க. ஏன் அடிச்சாங்கன்னு பாட்டு சொல்லவே இல்ல, அப்படியே விட்டுட்டு நகருது. ராத்திரில தனியா நடக்கற பொண்ணை ஊர் என்ன பண்ணும்ங்கறது கேட்டவங்களுக்கு தெரியாதா என்ன.

அப்புறம் அந்த உவமைகள். முதல் தடவை வாசிக்கறவங்க சிரிக்காம தாண்டவே முடியாது. உன் கூந்தல் கீலேயாத் மலையில இறங்கற வெள்ளாட்டு மந்தை, உன் பல்லு மயிர் கத்தரிச்சு குளிப்பாட்டி கரையேறின ஆட்டுக்கூட்டம், எல்லாம் ரெட்டைக்குட்டி போட்டது, ஒண்ணு கூட மலடு இல்ல (பல்லு ஒண்ணும் விழலன்னு அர்த்தம்!), உன் மூக்கு தமஸ்குவைப் பாக்கற லீபனோன் கோபுரம். கோபுரம் மாதிரி மூக்கு யாருக்கு வேணும்? ஆனா அந்த ஊர் வெள்ளாடு கறுப்பு, சாயங்காலம் மலைச்சரிவுல மந்தையா இறங்கும்போது தூரத்துல இருந்து பாத்தா கருங்கூந்தல் அலை அலையா விழற மாதிரி தான் இருக்கும். உருவம் ஒத்துப்போகுதாங்கறத விட அதைப் பாக்கும்போது வர்ற பெருமிதம் ஒத்துப்போகுதான்னு தான் இந்தக் கவிஞன் பாக்கறான். மூக்குக்கு சொன்ன கோபுரம் கூட நிமிர்ந்து நிக்கற கம்பீரத்துக்கு சொன்னது.

இந்த மாதிரி தலையில இருந்து கால் வரைக்கும் (7ம் அதிகாரத்துல கால்ல இருந்து தலைக்கு) வர்ணிக்கறத அரபு மக்கள் வஸ்ஃப்னு சொல்லுவாங்க. தமஸ்குவுல பிரஷ்யா நாட்டு கான்சலா இருந்த வெட்ஸ்டைன்ங்கறவர் 1873ல சிரியா கிராமத்துக் கல்யாணங்களை பத்தி எழுதினாரு, அங்க பொண்ணு மாப்பிள்ளைய ஒரு வாரத்துக்கு ராஜா ராணியா உக்கார வச்சு இதே மாதிரி வர்ணனைப் பாட்டு பாடுவாங்கன்னு. அதுக்கப்புறம் கொஞ்ச காலம் எல்லாரும் அப்போ உன்னதப்பாட்டும் கல்யாணப்பாட்டு தான்னு ஒரே முடிவா இருந்தாங்க. ஆனா 3ம் அதிகாரத்துல சாலொமோனோட கல்யாண ஊர்வலம் ஒண்ணு வர்றதைத் தவிர இந்த ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சுன்னு பாட்டுல எங்கயும் இல்ல, வெளிய வச்சு முத்தம் கொடுக்கக்கூட முடியல, "நீ என் அம்மா பால் குடிச்ச சகோதரனா இருந்திருந்தா வெளிய பாத்து முத்தம் கொடுத்தாலும் யாரும் கேவலமா பேசமாட்டாங்க"ன்னு அவ ஏங்கறா. புருஷன் பொண்டாட்டியா இருந்தா இப்படி ஏன் ஏங்கணும்?

காதலிய "சகோதரி"ன்னு கூப்பிடறது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தூக்கிவாரிப்போடும். ஆனா எகிப்துல ராம்சேஸ் ராஜாக்கள் காலத்து பாப்பிரஸ்கள்ல, கிமு 13, 12ம் நூற்றாண்டு வாக்குல, காதலர்கள் ஒருத்தரை ஒருத்தர் சகோதரன் சகோதரின்னு தான் கூப்பிட்டுப்பாங்க. அதுல ஒருத்தன் காதல் நோயில படுத்துக் கிடக்கறான், வைத்தியர் வந்தும் ஒண்ணும் ஆகல, அவ வந்தா தான் எழுவேன்ங்கறான். இங்க இவளும் நான் நேசத்தால சோகமாயிட்டேன் (காதல் நோயில துவண்டுட்டேன்னு அர்த்தம்) திராட்சையும் கிச்சிலிப்பழமும் கொடுங்கன்னு கேக்கறா. கானான் நாடு பல நூற்றாண்டு எகிப்து ஆதிக்கத்துல இருந்த பூமி, பாட்டு பாணி இந்தப் பக்கம் வராம இருந்திருந்தா தான் ஆச்சரியம்.

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம். எபிரேய வேதத்துல கடவுள்கிட்ட அன்பா இருன்னு சொல்ற ரொம்ப ஃபேமஸான வசனம் உபாகமம் 6:5, முழு இருதயத்தோடும் முழு ஆத்துமாவோடும் முழு பலத்தோடும் அன்புகூரணும். கேக்க உருக்கமா இருக்கு. ஆனா 1963ல வில்லியம் மோரன்ங்கற அறிஞர் ஒரு கட்டுரைல காட்டினாரு, இந்த "அன்பு" அந்தக் காலத்து அரசியல் ஒப்பந்தத்துல வர்ற அன்புன்னு. அசீரிய ராஜா எசரத்தோன் கிமு 672ல தன் மகன் அசூர்பானிபாலுக்கு பட்டம் உறுதி பண்ண சிற்றரசர்களை சத்தியம் பண்ண வச்சான், அதுல அசூர்பானிபாலை உங்களைப் போல நேசிக்கணும்னு ஒரு ஷரத்தே இருக்கு. நேசிக்கறதுன்னா விசுவாசமா இரு, கப்பம் கட்டு, வேற ராஜா பக்கம் சாயாத. கட்டளை போட்டு வாங்கற அன்பு.

அடுத்தது தீர்க்கதரிசிகள். கிமு 8ம் நூற்றாண்டுல ஓசியா கடவுளைப் புருஷனாவும் இஸ்ரவேலை சோரம் போன பெண்டாட்டியாவும் வச்சுப் பேசினாரு. இது பெரிய தாவல் தான், ராஜா-அடிமைங்கற இடத்துல புருஷன்-பெண்டாட்டி வந்துச்சு, 2ம் அதிகாரத்துல "அவளை வனாந்தரத்துக்கு கூட்டிட்டுப் போய் அவ மனசோட பேசுவேன்"னு ஒரு இடம் வரும், அதுல நிஜமாவே காதல் இருக்கு. ஆனா அதுக்கு சில வசனம் முன்னாடியே அவளை நிர்வாணமாக்குவேன், வழியை முள்ளால அடைப்பேன், பட்டினி போடுவேன்னு மிரட்டல். எசேக்கியேல் 16 அதை விடப் பல மடங்கு கொடூரம், வாசிக்கவே கஷ்டமா இருக்கும். இந்தக் காதல்ல ஒரு ஆளுக்கு தான் வாய், ஒரு ஆளுக்கு தான் கோவிக்கற உரிமை, அந்த மனைவி என்ன நெனச்சான்னு ஒருத்தரும் கேக்கல.

இந்தப் பின்னணியில ரபி அகிபாவை வச்சுப் பாக்கணும். கிபி 2ம் நூற்றாண்டு, எருசலேம் ஆலயத்தை ரோமர்கள் 70லயே எரிச்சாச்சு. உன்னதப்பாட்டு புனித நூலா இல்லையான்னு ரபிகள் நடுவுல விவாதம் நடந்ததை மிஷ்னாங்கற ரபிகளோட சட்டத் தொகுப்பு பதிவு பண்ணியிருக்கு, அதுல அகிபா சொல்றாரு, உன்னதப்பாட்டு இஸ்ரவேலுக்கு கொடுக்கப்பட்ட நாளுக்கு இந்த உலகம் முழுசும் ஈடாகாது, வேத எழுத்துகள் எல்லாம் பரிசுத்தம், உன்னதப்பாட்டு மகா பரிசுத்தம். கூடவே இதைப் பத்தி இஸ்ரவேல்ல யாருமே சந்தேகப்பட்டதில்லன்னும் சொல்றாரு, சந்தேகப்பட்டு விவாதம் பண்ணிட்டு இருக்கற அதே பக்கத்துல! இன்னொரு நூல்ல விருந்து மண்டபத்துல இதைச் சும்மா பாட்டு மாதிரி இழுத்துப் பாடறவனுக்கு மறுமைல பங்கு கிடையாதுன்னு அவர் திட்டினதா இருக்கு. அப்படின்னா ஜனங்க விருந்துல குடிச்சுட்டு இதைப் பாடிட்டு இருந்திருக்காங்கங்கறது அந்தத் திட்டுலயே தெரிஞ்சுடுது.

அகிபா ஒண்ணும் காதல் தெரியாத சாமியார் இல்ல. ரபிகளோட பெரிய விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்ற கதைப்படி அவர் படிக்காத ஆட்டிடையனா இருந்தப்போ முதலாளி மகளே அவரைக் கட்டிக்கிட்டா, அப்பன் சொத்து இல்லன்னு துரத்திட்டான், அவ அனுப்பிப் படிக்க வச்சதுல பெரிய ரபியா ஆயிரக்கணக்கான சீடர்களோட திரும்பி வந்து, எனக்குள்ளதும் உங்களுக்குள்ளதும் அவளோடதுன்னு சீடர்கள்கிட்ட சொன்னாராம். அது வரலாறா கதையாங்கறது வேற பேச்சு. ஆனா உன்னதப்பாட்டுக்கு வக்காலத்து வாங்கின ஆளைப் பத்தி யூத மரபு இந்தக் கதையத் தான் சொல்லி வச்சிருக்கு.

இனி அந்தக் கதவு தட்டற காட்சியை கடவுள்னு வச்சு வாசிச்சுப் பாருங்க. ஓசியாவோட கடவுள் வழியை முள்ளால அடைச்சாரு, இங்க கடவுள் வெளிய பனியில நின்னு கதவைத் திறன்னு கெஞ்சறாரு, திறக்கலன்னா உடைக்கல, போயிடறாரு. ரபிகளோட வேத விளக்கமான மித்ராஷ் நூல் இந்த வசனத்துக்கு கடவுள் சொல்ற மாதிரி ஒரு வரி வச்சிருக்கு: ஊசிமுனை அளவு நீங்க திறங்க, வண்டி போற அளவு வாசல் நான் திறக்கறேன். பைபிளோட கடைசி புக்கான வெளிப்படுத்தின விசேஷத்துல வர்ற "இதோ, வாசற்படியிலே நின்று தட்டுகிறேன்" கூட இந்தக் காட்சியோட எதிரொலின்னு சொல்றவங்க உண்டு. ஒப்பந்தத்துலயும் தீர்க்கதரிசிகள்லயும் பயம் காட்டின கடவுள், மறுக்கப்படக்கூடிய காதலனா மாறினது இந்தப் பாட்டுக்குள்ள வந்ததுக்கு அப்புறம் தான். இதைத்தான் முலாம் இல்லன்னு சொன்னேன். ரபிகள் பாட்டை மாத்தினதா நாம நெனைக்கறோம், பாட்டு அவங்களோட கடவுளை மாத்திடுச்சு. இன்னிக்கும் பஸ்கா பண்டிகை நாட்கள்ல யூத ஜெப ஆலயங்கள்ல இதை வாசிக்கறாங்க, ஸ்பெயின் வழி வந்த செஃபார்டிம் யூதர்கள் பல பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாம வாசிக்கறது வழக்கம்.

கிறிஸ்தவப் பக்கம் கதை கொஞ்சம் வேற மாதிரி. 3ம் நூற்றாண்டுல ஓரிஜென்ங்கற வேத அறிஞர் இதுக்கு பெரிய விளக்கவுரை எழுதினாரு, மாம்ச இச்சை அடங்காதவன் இதைத் தொடாதேன்னு முன்னாடியே எச்சரிக்கை போட்டு. 12ம் நூற்றாண்டுல கிளேர்வோ மடத்து பெர்னார்டு 18 வருஷத்துல 86 பிரசங்கம் எழுதி 3வது அதிகாரம் ஆரம்பத்துக்கு தான் வந்து சேந்தாரு, அதுக்குள்ள காலமாயிட்டாரு. ஸ்பெயின்ல லூயிஸ் தே லியோன்ங்கற துறவி பேராசிரியர் இதை மக்கள் பேசற ஸ்பானிஷ்ல எழுதி வச்சார், அதுவும் ஒரு குற்றச்சாட்டா சேந்து 1572ல கத்தோலிக்க விசாரணை மன்றம் அவரைப் பிடிச்சு கிட்டத்தட்ட 5 வருஷம் ஜெயில்ல வச்சுது. ஜெனீவாவுல காஸ்டெல்லியோங்கற ஆசிரியர் இது வெறும் காம பாட்டுன்னு சொன்னதால புராட்டஸ்டன்ட் தலைவர் கால்வின் கூட மோதல் ஆகி 1544ல ஊழியப் பட்டம் கெடைக்காம போச்சு. நம்ம ஊர் சர்ச்சுகள்ல "சாரோனின் ரோஜா"ன்னு இயேசுவைப் பாடுவாங்க இல்லையா, அது 2ம் அதிகாரம் முதல் வசனம், பாட்டுல அதைச் சொல்றது பொண்ணு, தன்னைப் பத்தி. யாரும் கண்டுக்கறதில்ல, பாடறதுக்கு நல்லா இருக்கு, பாடட்டும்.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கும். பேர் இல்லாத தலைவன் தலைவி, கூட நின்னு கேள்வி கேக்கற எருசலேம் குமாரத்திகள் (தோழி வேலை), இரவுல சந்திப்பு, காவல், ஊர்ப்பேச்சு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்து பேராசிரியர் கைம் ராபின் 1973லயே சங்க அகப்பாட்டுகளோட இதை ஒப்பிட்டு, நேரடித் தொடர்பே இருக்கலாம்னு எழுதினாரு. பொண்ணோட ஏக்கம் முன்னாடி நிக்கறது, இயற்கைக்கு இருக்கற இடம் இதெல்லாம் அவரோட வாதம், கூடவே சாலொமோன் காலத்துக் கடல் வாணிபம். பாட்டுல வர்ற நளதம் இமயமலைப் பக்கத்து வேர், அதனால இந்தியச் சரக்கு அங்க போனது நிஜம். ஆனா சரக்கு போச்சுன்னா பாட்டும் போச்சுன்னு அர்த்தம் இல்ல, சங்கப் பாட்டுகளுக்கும் சாலொமோனுக்கும் நடுவுல பல நூற்றாண்டு இடைவெளி வேற, அறிஞர்கள் பெரும்பாலும் ஏத்துக்கல, நானும் ஏத்துக்கல. 1988ல மரியசெல்வம் ரெண்டையும் ஒப்பிட்டு ரோம்ல ஒரு முழு ஆய்வே வெளியிட்டாரு, ஒப்பிடறதுல கெடைக்கற லாபம் வேற. அகப்பாட்டோட தலைவி பின்னாடி நம்மாழ்வார்கிட்ட கடவுளுக்கு ஏங்கற நாயகியா மாறினது நமக்கு தெரியும், யாரும் அங்க கூச்சத்துல முலாம் பூசினாங்கன்னு சொல்றதில்ல, அந்த அனுபவத்தோட வாசிச்சா அகிபாவைப் புரிஞ்சுக்கறது நமக்கு ஈஸி.

பாட்டோட உச்சம் 8ம் அதிகாரம் 6, 7 வசனம். அந்தக் காலத்துல முத்திரைய கயித்துல கோத்து கழுத்துல போட்டுக்குவாங்க, அதான் ஒருத்தனோட கையெழுத்து. என்னை அந்த முத்திரை மாதிரி உன் நெஞ்சு மேல வச்சுக்கோன்னு சொல்லிட்டு அவ சொல்றா, "நேசம் மரணத்தைப்போல் வலிது". மரணம், தீ, பெருவெள்ளம்னு வரிசையா வர்றது வெறும் அலங்காரம் இல்ல. 1929ல இருந்து சிரியாவுல உகாரித்ல தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல மரணமும் கடலும் பாகால்ங்கற மழை தேவன் கூட சண்டை போடற தேவர்கள், தீப்பொறிக்கு இங்க போட்டிருக்கற சொல் ரெஷெஃப்ங்கற கொள்ளைநோய் தேவனோட பேரும் கூட. பழைய கானான் கதைகள்ல பாகாலையே விழுங்கின மரணத்துக்கு சமமா ஒரு கிராமத்துப் பொண்ணு தன் காதலை நிறுத்தறா. உடனே அடுத்த வரில ஒரு ஆள் வீட்டு சொத்தெல்லாம் கொடுத்து காதலை வாங்கப் பாத்தா அவனைப் பாத்து சிரிப்பாங்கன்னு முடிக்கறா.

சொத்து கொடுத்து வாங்கறவன் யாருன்னு நாலு வசனம் தள்ளி பாட்டே சொல்லிடுது. பாகால்ஆமோன்ல சாலொமோனுக்கு ஒரு திராட்சத்தோட்டம் இருந்துச்சாம், குத்தகைக்கு விட்டா பழத்துக்கு ஆயிரம் வெள்ளிக்காசு. 700 மனைவி, 300 மறுமனையாட்டி வச்சிருந்தான்னு 1 இராஜாக்கள் சொல்ற அதே சாலொமோன், கூட்டினா ஆயிரம். பேசறது அவளா அவனான்னு எபிரேயத்துல தெளிவா இல்ல, ஆனா முதல் அதிகாரத்துல "என் தோட்டத்தை நான் காக்கல"ன்னு சொன்னது அவ தான், அதனால இதையும் அவ குரலா தான் நான் வாசிக்கறேன்: என் தோட்டம் என் கண்ணு முன்னாடி இருக்கு, அந்த ஆயிரத்தை நீயே வச்சுக்கோ சாலொமோனே. ராஜா பேர்ல தலைப்பு போட்ட புத்தகத்துல ராஜாவுக்கு கெடைச்ச பதில் இது.